அளக்கப்பட வேண்டியது எவருடைய அறியாமை?

"பொதுமக்களின் சுகாதார அறிவு, மனப்பாங்கு, பழக்கவழக்கம்" என்னும் தலைப்பைத் தாங்கிய வினாக்கொத்துகள் இந்நாட்டில் மலிந்துவிட்டன. திணைக்களம் ஒன்று அச்சிடுகிறது. பல்கலைக்கழகம் ஒன்று அச்சிடுகிறது. வெளிநாட்டுப் பணத்தில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்று அச்சிடுகிறது. அச்சிடுவோர் எவராயினும் முடிவு மாறுவது அரிது. மக்களுக்கு அறிவு போதாது, மனப்பாங்கு திருந்தவில்லை, பழக்கம் மோசம், ஆகவே விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துக என்று அறிக்கை முடியும். கருத்தரங்கும் நடக்கும். பதாகை கட்டப்படும், சிற்றுண்டி வழங்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும். கிணற்று நீர் மட்டும் முன்போலவே இருக்கும்.

இந்த ஏற்பாட்டையே நாம் கண்டிக்கிறோம். ஆராய்ச்சியைக் கண்டிக்கிறோம் என்று எவரும் திரித்துக் கூற வேண்டியதில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டறிவதால் விளையும் நன்மையை நாம் அறிவோம். 1926ஆம் ஆண்டிலேயே களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைத்து, வீட்டு வாசலுக்குச் சுகாதாரத்தைக் கொண்டுசென்ற நாடு இது. வெயிலிலும் மழையிலும் நடந்து திரியும் குடும்பநல மாதர்களுக்கு இந்நாட்டின் தாய்மார் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. எமது வழக்கு அவர்களோடு அன்று. அவர்கள் கையில் கொடுக்கப்படும் தாளோடு.

அத்தாளை உச்சமுனைக்கு எடுத்துச் செல்வோம். கற்பிட்டிக்கு அப்பால், களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் மணற்றிட்டுகளில் ஒன்று அவ்வூர். மீன்பிடியே அங்கு தொழில். படகேறித்தான் போக வேண்டும். உல்லாசப் பயணத் துறையினர் கற்பிட்டியின் 14 தீவுகளைத் தம் வரைபடத்தில் குறித்துக்கொண்டபோது இவ்வூரின் பெயரை உச்சரிப்பதில் கொழும்புக்கு யாதொரு சிரமமும் இருக்கவில்லை என்பதை இடையே குறித்து வைக்கிறோம்.

முதல் வினா வழக்கமானது: "குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகுகிறீரா?" ஆம் என்றால் ஒரு புள்ளி. இல்லை என்றால் அந்தக் குடும்பம் அறியாமையின் கணக்கில் சேரும். கிருமியைக் கொல்லக் கொதிக்க வைத்தல் நல்லதே, மறுப்பாரில்லை. ஆனால் மணற்றிட்டில் கிணற்று நீர் என்பது யாது? மழைநீர் மணலில் இறங்கி, உவர் நீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உவர் மேலேறும். உப்பைக் கொதிக்க வைத்து ஓட்ட முடியுமா? கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், உப்பு எஞ்சும், எஞ்சிய நீர் முன்னிலும் கரிக்கும்.

அங்கிருந்து கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வருவோம். எம் வாசகருள் பயிர் செய்வோர் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். வெங்காயமும் மிளகாயும் விளையும் அந்த மணல் நிலம் நீரையும் பிடித்து வைக்காது. உரத்தையும் பிடித்து வைக்காது. இடும் யூரியாவில் ஒரு பங்கைப் பயிர் உண்கிறது. மறு பங்கு நைத்திரேற்றாக மாறி, இறைத்த நீரோடு இறங்கி, அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. கற்பிட்டி நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அவ்வரம்பை மீறிய கிணறுகள் அக்குடாநாட்டில் உள்ளன என்பது நூலகங்களில் கிடக்கும் உண்மை. இத்தகைய நீரில் பால்மா கரைத்து ஊட்டினால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நைத்திரேற்றும் கொதித்தால் போவதில்லை, செறிவு கூடுகிறது. நீண்ட நேரம் கொதிக்க வைத்துக் குழந்தைக்கு ஊட்டும் தாய், அரசாங்கத்தின் தாளில் முழுப் புள்ளி பெறுவாள். அவளுடைய அறிவில் குறை ஏதும் இல்லை. கிணற்றைச் சோதித்து முடிவை அவளுக்குச் சொல்லாதவர்களின் அறிவை எந்தத் தாள் அளக்கிறது?

உரத்தை அளவாக இடத் தெரியாத விவசாயியே குற்றவாளி என்று இனி ஒருவர் புறப்படக்கூடும். யூரியாவை மானிய விலைக்கு அள்ளிக் கொடுத்து உற்பத்தியைப் பெருக்கு என்று கட்டளையிட்டது யார் என்பதை அவர் முதலில் சொல்லட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரமாயிரமாக வந்து தங்கியதும் இதே குடாநாட்டில்தான். இருந்த கிணறுகளைத் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் பங்கிட்டுக் குடித்தனர். நைத்திரேற்றுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை.

இரண்டாவது வினா: "வீட்டில் மலசலகூடம் உண்டா?" இதற்கும் புள்ளி உண்டு. குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. மணலில் தோண்டிய குழியின் கழிவு மணலுக்குள்ளேயே நகரும் என்பதை அறிய வைத்தியப் பட்டம் தேவையில்லை. குறுகிய காணியில் குழியையும் கிணற்றையும் அருகருகே தோண்டிய குடும்பத்தார் இரண்டு வினாக்களிலும் சித்தியெய்தி, வயிற்றோட்டத்தில் படுத்திருப்பர்.

மூன்றாவது வினாவே எமக்கு மிகுந்த சினத்தை ஊட்டுவது. "சிகிச்சை பெறத் தாமதித்தமைக்குக் காரணம் யாது?" நோயின் கடுமையை உணராமை, நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை, வைத்தியசாலை மீது அச்சம் என விடைகள் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். சோழகக் காற்று வீசும் இரவில், பிள்ளைப்பேற்று வேதனையில் துடிக்கும் பெண்ணை வள்ளத்தில் ஏற்றிக் களப்பைக் கடப்பது எப்படி? 'காற்று அடங்கவில்லை', 'எண்ணெய் இல்லை', 'படகு இல்லை' என்பவற்றுக்குக் கட்டம் எங்கே? கட்டம் இல்லாத விடை 'ஏனையவை' என்னும் கடைசி வரிக்குள் விழும். அறிக்கை எழுதும்போது அந்த வரியை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மொழிக்கு வருவோம். நீர்கொழும்பிலிருந்து வடக்கே நீளும் இக்கரையில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் சிங்களம் கற்ற தலைமுறைகள் வாழ்கின்றன. அவ்வாறான வீட்டில் பாட்டியிடம் சிங்களத்தில் வினவினால் பேரன் மொழிபெயர்த்துத் தன் விடையைச் சொல்வான். தமிழ்த்தாளே வந்தாலும் அது எந்தத் தமிழ்? "நீரிழிவு என்னும் தொற்றா நோய் பற்றிக் கேள்வியுற்றதுண்டா?" என்றால் இல்லை என்பாள் கிழவி. "சீனி வருத்தம் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், எவருடைய கால் எப்போது எடுக்கப்பட்டது, கண் எப்போது மங்கியது என்று வரிசையாகச் சொல்வாள். அவளது அறிவு கணக்கில் ஏறவில்லை. மொழிபெயர்த்தவரின் அகராதியே ஏறியது. பேத்தை மீனின் எந்தப் பாகம் கொல்லும், திருக்கை முள் குத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைச் சிறுவரும் அறிந்த ஊரில், அவற்றைக் கேட்பதற்கு ஒரு வினாவும் இராது.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் எந்த அதிகாரியுடனும் தமிழில் கருமமாற்றும் உரிமையை எவருக்கும் வழங்குகிறது. வடமேல் மாகாணம் அதற்கு விலக்கன்று. எனவே தமிழில் கேட்குமாறு கோருவது சலுகை வேண்டி நிற்பதாகாது.

பணிவுள்ள மக்கள் கேட்பவர் விரும்பும் விடையைத் தருவர் என்பதற்குச் சான்று பஞ்சாபில் உண்டு. லூதியானா மாவட்டத்தின் கன்னா வட்டாரத்தில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தார் 1950களில் கருத்தடை ஆய்வொன்றைப் பல ஆண்டுகள் நடத்தினர். மாத்திரைகளை வீடுதோறும் கொடுத்தனர். கிராமத்தார் மறுக்காமல் வாங்கிக்கொண்டனர். மனப்பாங்கு நன்று என்று கணக்கு எழுதப்பட்டது. பிறப்பு வீதமோ எதிர்பார்த்தபடி குறையவில்லை. பின்னர் மஹ்மூத் மம்தானி அங்குள்ள மனுப்பூர் கிராமத்துக்குச் சென்று உண்மையை அறிந்து 1972இல் நூலாக வெளியிட்டார். மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சிற்பம்போல் செய்து வைத்திருந்தார் ஒருவர். தொலைவிலிருந்து வந்தவர்களின் மனத்தைப் புண்படுத்தலாமா என்றே வாங்கினார்களாம்! உழைக்கும் கைகளாகப் பிள்ளைகள் தேவைப்பட்ட குடியானவனிடம் நிலத்தையும் கூலியையும் பற்றிக் கேட்காது, மனப்பாங்கை மட்டும் கேட்டதன் பலன் அது.

இனி எம் நாட்டு மலேரியாவின் வரலாற்றைப் பாருங்கள். 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி பெற்றோம் என்று மருந்து தெளித்தலை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் வீழ்ந்தனர். அந்த ஆறு ஆண்டுகளில் மக்களின் அறிவு தேய்ந்துவிட்டதா? மனப்பாங்கு கெட்டுவிட்டதா? தளர்ந்தது அரசாங்கத்தின் கை. அக்கை மீண்டும் இறுகிய பின், விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்து ஊர் ஊராகச் சோதித்த பின், 2012இல் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று வழங்கியது. புத்தளமும் அந்தக் காய்ச்சலை நன்கறிந்த மாவட்டமே. அங்கு பயன்பட்ட ஆய்வு நுளம்பையும் குருதியையும் தேடிய ஆய்வு. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்நோ வீடு வீடாகச் சென்று எழுப்பிய வினாவும் அத்தகையதே: எங்கே தண்ணீர் எடுத்தீர்கள்? சுகாதாரம் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று பரீட்சை வைக்க அவர் போகவில்லை.

தண்ணீரைப் பற்றி முதலில் அறிபவர் அதைக் குடிப்பவரே. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று முதலில் கூவியவர்கள் அயலிலிருந்த குடும்பத்தினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரல் 4ஆம் நாள், பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின்னுற்பத்திக் கம்பனிக்கு அந்நீதிமன்றம் கட்டளையிட்டது. எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை; அது வெட்கத்துக்குரிய இடைவெளி. இருந்தும் ஒரு கிணறு நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டித் திறந்தது.

ஆதலால் உச்சமுனை மக்களுக்கும், அக்கரையோரத்து ஏனைய ஊரவர்க்கும் நாம் கூறுவது இது. வினாக்கொத்து வந்தால் மறுக்க வேண்டாம், வந்தவரை உபசரியுங்கள். ஆனால் நீங்களும் வினவுங்கள். எங்கள் கிணற்றைக் கடைசியாகச் சோதித்தது எந்த ஆண்டு? உப்பு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு? நோயாளியை இரவில் ஏற்றிச்செல்லப் படகுக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா? சென்ற முறை நாங்கள் சொன்ன விடைகளிலிருந்து எழுதப்பட்ட அறிக்கை எங்கே? இவ்விடைகளைத் தமிழில் எழுதித் தரும்வரை உங்கள் பெயரைத் தாளில் இட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கேட்டும் பதில் வராவிடில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவித்தாக வேண்டும். கற்பிட்டியில் பயிர் செய்யும் நண்பர்கள் தத்தம் கிணற்று நீரைத் தூய போத்தலில் எடுத்து, எடுத்த நாளையும் இடத்தையும் ஒட்டி வைக்கட்டும். சோதித்துத் தர இரசாயனம் கற்றோர் முன்வரட்டும். விண்ணப்பங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை எம்போன்ற சட்டத்தரணிகள் கட்டணமின்றி ஏற்க வேண்டும். முதல் விண்ணப்பம் உச்சமுனைக் கிணறுகளைப் பற்றியதாக இருக்கட்டும்.