மரத்துண்டும் கூடாரமும்

வேல்சு நாட்டின் வடபகுதியில் தெகித் என்னும் பெரிய ஏரி ஒன்றுண்டு. அதன் தென்மேற்குக் கோடியில் உள்ள சிற்றூர் இலானுவக்லின். அவ்வூரிற் பிறந்த ஓவன் எட்வர்ட்சும் அவர்தம் மகன் இவான் எட்வர்ட்சும் இன்று அங்கே சிலைகளாய் நிற்கின்றனர். தந்தையின் இளமை நினைவில் அவ்வூர் விட்டுச் சென்றது, கழுத்தில் தொங்கிய ஒரு மரத்துண்டு. மகனின் முயற்சியால் அதே ஊர் வேறு சிறுவர் நெஞ்சில் பதித்தது, ஒரு கூடாரம். தாய்மொழி காக்க மேடைதோறும் முழங்குவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

மரத்துண்டின் வரலாறு கொடிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்சுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியிற் பேசிய சிறுவன் கழுத்தில் அது மாட்டப்பெறும். வேறொருவன் அம்மொழியிற் பேசக் கேட்டால் அவனுக்கு மாறும். மாலையில் பள்ளி முடியும்போது எவன் கழுத்தில் உளதோ அவனுக்குப் பிரம்படி. தன் கழுத்தினின்று அதனைக் கழற்ற வேண்டுமாயின், தோழனைக் காட்டிக்கொடுத்தல் வேண்டும்! மொழியை மட்டுமன்றி நட்பையும் அறுத்த அரிவாள் அஃது. 1858-இற் பிறந்த ஓவன் எட்வர்ட்சு வேல்சு மொழியே பேசிய வீட்டினின்று பள்ளி புகுந்தவர். அம்மரத்துண்டு தம் கழுத்திற் பன்முறை தொங்கியதைப் பிற்காலத்தில் தம் நினைவுநூலில் எழுதி வைத்தார். 1907-இல் வேல்சுப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராய் உயர்ந்தவரும் அவரே.

இங்கே ஒன்றை மறைத்தல் ஆகாது. மரத்துண்டை மாட்டுக என ஆங்கில அரசு சட்டம் ஏதும் இயற்றவில்லை. மாட்டியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். அவருட் பலர் வேல்சுக்காரர்கள். ஆங்கிலம் வந்தாற் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று பெற்றோர் பலரும் உடன்பட்டனர். தமிழிற் பேசிய பிள்ளைக்குத் தண்டம் விதிக்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளின் வாயிலில் பணத்தோடு காத்து நிற்போரும் தமிழ்ப் பெற்றோரே அல்லரோ?

ஓவன் எட்வர்ட்சு 1892-இல் சிறுவர்க்கென்றே தாய்மொழியில் ஓர் இதழ் தொடங்கினார். 1920-இல் அவர் மறைந்தபின் இதழ் மகன் கைக்கு வந்தது. 1922 சனவரி இதழில் இவான் ஒரு செய்தியை உடைத்துக் கூறினார்: சிற்றூர்கள் பலவற்றிலும் வேல்சுப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே விளையாடுகின்றனர், தாம் யாரென்பதையே மறந்து போகின்றனர். ஆகலின் சிறுவர் அணி ஒன்று காண அழைப்பு விடுத்தார். இன்று 'இர்த்' எனச் சுருங்க வழங்கும் அவ்வியக்கத்தில் சேர்ந்த பிள்ளைகள் தாய்மொழியிற் பேசவும் படிக்கவும் பாடவும், விளையாடவும் உறுதி கூறினர்.

விளையாடவும்! அவ்வொரு சொல்லில்தான் இவானின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. வேல்சு மொழிக்கு இலக்கியம் இல்லாமல் இல்லை. பழம்பாடல் மரபு உண்டு. விவிலியம் முழுமையும் 1588-இலேயே அம்மொழியில் அச்சேறிவிட்டது. தொழுகைக் கூடங்களில் அம்மொழியே ஒலித்தது. இருந்தும் என்ன? தொழுதற்கு ஒரு மொழி, தெருவில் ஓடிச் சிரித்தற்கு வேறொரு மொழி என்றாகிவிட்டால், பிள்ளை எதனைத் தன்னுடையதென்று கொள்ளும்? முதியோர் மதித்துப் பேசும் மொழியைப் பிள்ளை தானும் மதிக்கும், மதித்து ஒதுங்கிப்போகும்.

1928-இல் இர்த்தின் முதற் கோடைப் பாசறை அமைந்தது. சிறுவர்க்கான பாசறை அது. அமைந்த இடம் எது? இலானுவக்லின். தந்தையின் கழுத்தில் மரத்துண்டு தொங்கிய அதே ஊரில், வேல்சு மொழியைத் தவிர வேறெதுவும் ஒலிக்கலாகாத கூடாரங்களை மகன் எழுப்பினார். 1932-இல் மேற்குக் கடலோரத்து இலாங்கிரானோக்கில் நிலையான பாசறை எழுந்தது. சிறுமியர்க்கும் இடம் வந்தது, கூடாரங்கள் மரக்குடில்களாயின. 1950-இல் தெகித் ஏரிக்கரையிலேயே கிலான்லின் என்னும் மாளிகை பாசறையாயிற்று. அது முன்னாளில் பெருநிலக்கிழார் ஒருவரின் வேட்டை மாளிகை. 1859 தேர்தலில் தம் விருப்பிற்கு மாறாய் நடந்த குத்தகைக் குடிகளை நிலத்தினின்று வெளியேற்றிய குடும்பம் அது. அம்மாளிகை முற்றத்திற் குடியானவர் பேரப்பிள்ளைகள் தாய்மொழியிற் கூவிக்கொண்டு படகுகளை ஏரியில் தள்ளினர் என்பது, வரலாறு சில வேளைகளில் கணக்குத் தீர்க்கும் என்பதற்குச் சான்று.

பாசறை சென்று வந்தோர் முதுமையில் எதனை நினைவுகூர்கின்றனர்? மொழிப்பற்றுப் பற்றிய சொற்பொழிவுகளையா? அல்ல. பெய்து தீராத மழையை. வீட்டை எண்ணி அழுத முதல் இரவை. கடற்கரைக்கு இறங்கிச் சென்ற செங்குத்து வழியை. உணவுக்கூடத்தில் எழுந்த பாட்டை. 'மகிழ்மாலை' எனப் பொருள்படும் பெயரால் இரவில் நடந்த கூத்தையும் நகையாட்டையும். பாசறையில் துணைநிற்கும் இளையோரை 'சுவோக்' என்பர். சிறுவனாய் வந்தவன் சில ஆண்டு கழித்துச் சுவோக்காய் மீள்வான். பின் தன் பிள்ளையை அனுப்புவான். 2022 சனவரி 25-ஆம் நாள், இயக்கத்தின் நூற்றாண்டு நிறைவில், நாடெங்கும் பிள்ளைகள் ஒரே மணி நேரத்தில் இயக்கப் பாட்டொன்றைப் பாடினர். 1970-களிற் பிறந்த பாட்டு அது. பாட்டன் பாட்டியர் அதனைத் தாளைப் பாராமலே உடன்பாடியிருப்பர்.

விளையாட வேண்டுமெனின் விளையாட்டுச் சொற்கள் வேண்டுமே. பள்ளி ஆசிரியராயிருந்த எயிக் தேவிசு என்பார் வானொலியில் இரக்பி ஆட்டத்தை நேர்முகமாய் விளக்கும் பணியில், அவ்வாட்டத்திற்கு வேண்டிய வேல்சுச் சொற்களை ஆக்கித் தந்தார். இன்று வேல்சுச் சிறுவர் அவற்றையே சொல்லி ஆடுகின்றனர். இங்கே நிலைமை தலைகீழ். ஒரே மூச்சிற் பாட்டுப் பாடி ஏறிய சடுகுடு தமிழனின் ஆட்டம். தொலைக்காட்சியில் அதற்கு இன்று வழங்குவன 'ரெய்டர்', 'டேக்கிள்', 'போனஸ்' என்பன. ஊர்ச் சிறுவன் வாயிலும் அவையே ஏறிவிட்டன. சொல்லில்லாத ஆட்டத்திற்குச் சொல் படைத்தார் எயிக் தேவிசு. சொல்லிருந்த ஆட்டத்தில் சொல்லைத் தொலைத்தோம் என்று தமிழர் எந்த முகத்தோடு கூறுவர்?

கோடையில் சின்னாள் பாடித் திரிந்தால் மொழி வாழ்ந்துவிடுமா என்று வினவுவோர் உளர். வினா முறையானதே. 1921 கணக்கெடுப்பில் வேல்சு மக்களுள் 37.1 விழுக்காட்டினர் தாய்மொழி பேசினர், 2021-இல் 17.8 விழுக்காட்டினரே. கூடாரமே மொழியைக் காத்தது என்று கூறுவது மிகை. வேலை தேடி ஊரைவிட்டுப் போன இளைஞரையும், வெளியினின்று வந்து குடியேறிய ஆங்கிலேயரையும் கூடாரம் தடுத்து நிறுத்தாது. ஆனாற் கூடாரம் கூடாரத்தோடு நின்றுவிடவுமில்லை. 1939-இல், போர் மூண்ட அந்நாளில், அபெரிசுத்வித் நகரில் இவான் தாய்மொழிவழித் தொடக்கப்பள்ளியைத் திறந்தார். 1947-இல் இலானெல்லியில் உள்ளாட்சியே அத்தகு பள்ளி ஒன்றை நிறுவிற்று. இவானின் மகனும் அபெரிசுத்வித் பள்ளியின் முதல் மாணவருள் ஒருவர். 1982-இல் வேல்சு மொழித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவரே. பாட்டன் கழுத்தில் மரத்துண்டு. பேரன் கையில் தொலைக்காட்சி. இடையில் நிற்பது விளையாட்டு.

தமிழ்நாட்டில் மேத்திங்கள் வந்தால் 'சம்மர் கேம்ப்' விளம்பரங்கள் மலிகின்றன. நீச்சல் உண்டு, ஓவியம் உண்டு, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தவறாமல் உண்டு. தமிழ் மட்டும் வாயிற்காவலனிடம் நின்றுவிடுகிறது. தனித்தமிழ் அன்பரும் இக்குற்றத்தினின்று முற்றும் தப்பார். மாநாடு கூட்டுவர், மூன்று மணி நேரம் உரையாற்றுவர், முன்வரிசையில் அமர்த்திய பிள்ளைகள் கொட்டாவி விடுவர். நூறு குறளை ஒப்பித்த சிறுவனுக்குப் பரிசளித்து அனுப்பிவிடுவர். அவன் வீடு சென்று ஆங்கிலத்தில் விளையாடுவான்.

வேண்டுவது பெரிதன்று. ஊர்ப்புறத்தில் ஒரு தோப்பு, நீந்தத்தக்க ஒரு கிணறு, சிலம்பமும் சடுகுடுவும் தெரிந்த இளைஞர் இருவர், சமைத்துப்போட மனமுள்ள தாய்மார் சிலர், இருபது சிறுவர், பத்து நாள். சொற்பொழிவாளர் எவரையும் அழைத்தல் வேண்டா. இருபதின்மர் சேரவில்லையே என்று எவரும் தயங்கவும் வேண்டா. அபெரிசுத்வித் பள்ளியின் கதவு திறந்த நாளில் உள்ளே நுழைந்த பிள்ளைகள் எழுவர்.