வெஸ்டா கன்னியருக்குக் காதலன் எதற்கு? ரோமானியக் கதைகள் தவறவிடும் அரசியல்

வெள்ளை உடை, அணையக்கூடாத தீ, இருட்டில் வந்துபோகும் ஒரு படைத்தலைவன், கடைசியில் உயிரோடு புதைகுழி. பண்டைய ரோமின் வெஸ்டா கன்னியரை வைத்து எழுதப்படும் சரித்திரக் கதைகளில் பெரும்பாலும் இந்த நாலு சரக்குதான் ஓடும். 1807-ல் பாரிஸில் அரங்கேறிய ஸ்பான்டினியின் 'லா வெஸ்டால்' ஓபராவே இதற்கு நல்ல உதாரணம். ஜூலியா என்ற பெண் பூசாரி, போரில் வென்று திரும்பிய லிசினியஸைக் காதலிக்கிறார். அவன் கோயிலுக்குள் வந்த இரவில் தீ அணைந்துவிடுகிறது. மரண தண்டனை. கடைசி நேரத்தில் வானத்திலிருந்து மின்னல் இறங்கித் தீயை மூட்டுகிறது, எல்லாம் சுபம்.

கதை நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன பிரச்சினை?

காதலன் நிஜம் என்று கதை முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிடுகிறது. அதுதான் பிரச்சினை. வரலாற்றில் நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் குற்றச்சாட்டு மட்டும்தான். அந்தக் குற்றச்சாட்டை யார் கொண்டுவந்தார், எந்த வருஷம், அப்போது ரோம் எந்த நிலையில் இருந்தது என்று பார்த்தால் வேறொரு கதை தெரியும். காதல் கதை எழுதுபவர் அந்தப் பெண்ணுக்காகத்தான் கண்ணீர் விடுகிறார். ஆனால், தனக்கே தெரியாமல் குற்றம் சாட்டியவரின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

யார் இந்தக் கன்னியர்?

வெஸ்டா என்பது அடுப்பின் தெய்வம். ரோமின் மையத்தில் இருந்த அவள் கோயிலில் எரியும் தீ அணைந்தால் நகருக்கே ஆபத்து என்பது நம்பிக்கை. அதைக் காக்க ஒரே நேரத்தில் 6 பெண்கள் இருந்தார்கள். 6 முதல் 10 வயதுக்குள் தலைமைக் குரு அவர்களைத் தேர்ந்தெடுப்பார். 30 ஆண்டு ஊழியம்: 10 ஆண்டு கற்க, 10 ஆண்டு செய்ய, 10 ஆண்டு அடுத்தவருக்குச் சொல்லித்தர. அதன்பிறகு விரும்பினால் திருமணம் செய்துகொள்ளலாம். செய்துகொண்டவர்கள் சொற்பம்.

இதுவரை பள்ளிப் பாடம் மாதிரி இருக்கும். இனிமேல்தான் விஷயமே. தேர்வான நாளிலிருந்து அந்தச் சிறுமி மீது தந்தைக்கு இருந்த சட்ட அதிகாரம் முடிந்துவிடும். மற்ற ரோமானியப் பெண்கள் உயில் எழுதவோ முக்கியமான சொத்தை விற்கவோ பொதுவாக ஓர் ஆண் பாதுகாவலரின் ஒப்புதலைத் தேட வேண்டியிருந்த காலத்தில், வெஸ்டா கன்னிக்கு அது தேவையில்லை. சொத்து வைத்திருக்கலாம், உயில் எழுதலாம், சாட்சி சொல்லலாம். மரண தண்டனைக்கு இழுத்துச் செல்லப்படும் கைதி தற்செயலாக எதிரே வந்தால், அவன் உயிர் தப்பும்.

நகரின் பெரும்புள்ளிகளின் உயில்களும் அவர்களிடம்தான் இருந்தன. ஜூலியஸ் சீசரின் உயில் அங்கேதான் இருந்தது. மார்க் ஆண்டனியின் உயிலும் அப்படித்தான். கி.மு. 32-ல் ஆக்டேவியன் அதைக் கேட்டபோது, கன்னியர் கொடுக்க மறுத்தார்கள். வேண்டுமானால் நீரே வந்து எடுத்துக்கொள்ளும் என்றார்கள். எடுத்தும்கொண்டார். செனட்டில் வாசித்தும் காட்டினார். கிளியோபாட்ரா மீது அறிவிக்கப்பட்ட போருக்கு அந்த உயில் பெரிய விளம்பரமாக அமைந்தது.

அதற்கும் முன்பு, கி.மு. 143-ல் கிளாடியா என்ற கன்னி செய்தது இன்னும் துணிச்சல். அவருடைய குடும்பத்து ஆப்பியஸ் கிளாடியஸ் அனுமதியில்லாமல் வெற்றி ஊர்வலம் போனார். மக்கள் பிரதிநிதி ஒருவர் அவரைத் தேரிலிருந்து இழுத்துப்போட வந்தார். கிளாடியா தேரில் ஏறி நின்றுகொண்டார். அவர் மேல் யார் கை வைப்பது? ஊர்வலம் தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு செல்வாக்குள்ள பெண்களை அசைக்க ரோமில் ஒரே ஒரு நெம்புகோல்தான் இருந்தது: கற்பு. கன்னித்தன்மை கெட்டால் தெய்வக் குற்றம். தெய்வக் குற்றம் என்றால் நகருக்குக் கேடு. இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகவும் போட்டார்கள். நகருக்குக் கேடு வந்துவிட்டதா, அப்படின்னா எங்கோ ஒரு கன்னி தவறியிருக்க வேண்டும்.

கி.மு. 216-ல் ஹன்னிபாலிடம் கன்னே போரில் ரோம் நொறுங்கியது. அதே ஆண்டு ஒபிமியா, ஃப்ளோரோனியா என்ற இரண்டு கன்னியர் குற்றவாளிகள் ஆனார்கள். ஒருவர் புதைக்கப்பட்டார், இன்னொருவர் தற்கொலை செய்துகொண்டார்.

மின்னலில் தொடங்கிய வழக்கு

கி.மு. 114-ல் நடந்தது இதைவிடத் தெளிவானது. ஹெல்வியா என்ற இளம்பெண் குதிரையில் போகும்போது மின்னல் தாக்கி இறந்தாள். உடை விலகிக் கிடந்தாள். குறிசொல்பவர்கள், இது கன்னியருக்கு வரப்போகும் அவமானத்தின் அடையாளம் என்றார்கள். அதே ஆண்டு வடக்கே ஸ்கார்டிஸ்கி மக்களிடம் கான்சல் காட்டோவின் படை தோற்றிருந்தது. பிறகு ஓர் அடிமை வந்து தகவல் கொடுத்தான். எமிலியா, லிசினியா, மார்சியா என மூன்று பேர் மீது வழக்கு.

குருமார்கள் விசாரித்து எமிலியாவுக்கு மட்டும் தண்டனை கொடுத்தார்கள். மற்ற இருவரும் விடுதலை. மக்கள் சும்மா விடுவார்களா? மூடி மறைக்கிறார்கள் என்று கொதித்தார்கள். அடுத்த ஆண்டு மக்கள் பிரதிநிதி பெடுசியஸ் தனி விசாரணை மன்றத்தையே உருவாக்கினார். அதற்குத் தலைவராக வந்தவர் காஸியஸ் லாங்கினஸ். எந்த வழக்கிலும் 'இதனால் யாருக்கு லாபம்?' என்று கேட்பவர் என்று பெயர் எடுத்தவர். தப்பித்த இருவருக்கும் அவர் தண்டனை விதித்தார். இந்த வழக்கில் அந்தக் கேள்வியை அவர் கேட்டாரா என்பதுதான் ஒரு நாவலுக்கான கேள்வி.

லிசினியாவின் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. கி.மு. 123-ல் அவர் அவென்டைன் குன்றில் ஒரு பலிபீடத்தையும் சிறு ஆலயத்தையும் அர்ப்பணித்தார். கயஸ் கிராக்கஸ் மக்கள் பிரதிநிதியாக இருந்து நகரையே கலக்கிய வருஷம் அது. மக்களின் ஆணை இல்லாமல் செய்தது செல்லாது என்று குருமார்கள் தீர்ப்பு சொன்னார்கள். அவருடைய பெயர் அரசியல் கோப்பில் ஏறி ஒன்பது ஆண்டு கழித்து வந்ததுதான் கற்பு வழக்கு. இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. ஆனால் நாவலாசிரியருக்கு ஆதாரம் தேவையில்லை, வாய்ப்பு போதும். காதலனைக் கற்பனை செய்யலாம் என்றால் இதைக் கற்பனை செய்யக் கூடாதா?

கி.மு. 73-ல் இன்னொரு லிசினியா. (ரோமில் பெண்ணுக்குக் குலப்பெயரையே வைப்பார்கள், அதனால் பெயர் ஒன்று, ஆள் வேறு.) ரோமின் பெரும் பணக்காரர் கிராஸஸ் இவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கள்ள உறவு என்று வழக்கு. விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், நகருக்கு வெளியே லிசினியாவுக்கு ஒரு நல்ல பண்ணை வீடு இருந்தது, அதைக் குறைந்த விலைக்கு வாங்கத்தான் மனிதர் அலைந்திருக்கிறார். கிராஸஸின் பேராசை ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் எல்லோரும் நம்பினார்கள், இருவரும் தப்பினார்கள். இடத்தை வாங்கும்வரை அவர் விடவில்லை என்பது தனிக் கதை. எந்தக் காதல் காட்சியைவிடவும் இந்த ரியல் எஸ்டேட் பேரம் ரோமைப் பற்றி அதிகம் சொல்கிறது.

குற்றச்சாட்டு எழ, ஆண் நண்பர்கூடத் தேவையில்லை. கி.மு. 420-ல் போஸ்டுமியா மீது வழக்கு வந்ததற்குக் காரணம் நன்றாக உடுத்தினார், நகைச்சுவையாகப் பேசினார் என்பதுதான். விடுதலை செய்த தலைமைக் குரு, இனி ஜோக் அடிப்பதைக் குறைத்துக்கொள் என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினார்.

இதற்கெல்லாம் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 30 ஆண்டு துறவில் எந்தப் பெண்ணுமே காதலிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர்களும் மனிதர்கள்தான். காதலே வேண்டாம் என்று எழுதினால் அதுவும் வேறு வகைச் சிலை வடிப்பு. கேள்வி அதுவல்ல. கதையின் மர்மம் எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான். 'அவள் பிடிபடுவாளா?' என்பது ஒரு மர்மம். 'அவளை யார், எதற்காகச் சிக்கவைத்தார்கள்?' என்பது இன்னொன்று. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீவன் செய்லர் 'தி ஹவுஸ் ஆஃப் தி வெஸ்டல்ஸ்' சிறுகதையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதே கி.மு. 73-ல், சிசரோவின் மனைவிக்குச் சகோதரி முறையான ஃபேபியா, கேட்டிலைனோடு சேர்த்து மாட்டிக்கொண்ட வழக்கு அது. நிஜத்திலும் ஃபேபியா விடுதலையானார். செய்லர் அதைத் துப்பறியும் கதையாக எழுதியதால், வாசகர் படுக்கையறையை விட்டுவிட்டு நகரைப் பார்க்கிறார்.

இன்னும் எழுதப்பட வேண்டிய வழக்கு கொர்னேலியாவுடையது. கி.பி. 90 வாக்கில், பேரரசர் டொமிஷியன் இந்தத் தலைமைக் கன்னியை நேரில் விசாரிக்காமலேயே, தன் ஆல்பா மாளிகையில் வைத்துத் தீர்ப்பு சொன்னார். அந்தக் காலத்தில் வாழ்ந்த பிளினி ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார். தான் செய்த சடங்குகளால்தானே சீசர் போர்களில் வென்றார் என்று புதைகுழிவரை அவர் கேட்டுக்கொண்டே போனார். இறங்கும்போது உடை சிக்கியது. கொலையாளி கை நீட்டினான். அவன் தொடுகையை அருவருத்து விலகினார். அவருடைய கள்ளக் காதலன் என்று சொல்லப்பட்ட செலெர், நான் என்ன செய்தேன் என்று கேட்டபடியே அடிபட்டுச் செத்தார்.

ஊர் பேசத் தொடங்கியது. அரசர் அநியாயம் செய்துவிட்டார் என்றார்கள். டொமிஷியனுக்கு அவசரமாக ஒரு வாக்குமூலம் தேவைப்பட்டது. கொர்னேலியாவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒரு பெண்ணைத் தன் நிலத்தில் ஒளித்துவைத்ததாக வலேரியஸ் லிசினியானஸ் என்ற செனட்டர் சிக்கினார். சாட்டையடி வேண்டாமென்றால் ஒப்புக்கொள் என்று வேண்டியவர்கள் சொன்னார்கள். ஒப்புக்கொண்டார். அரசருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. இவர் நம்மை விடுவித்துவிட்டார் என்றாராம். பரிசாக, சொத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ள அனுமதி, கடுமையில்லாத நாடுகடத்தல். பிறகு அவர் சிசிலியில் பேச்சுக்கலை ஆசிரியராகப் பிழைத்தார்.

நாவலை அந்த வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். மாணவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒப்புக்கொண்ட அந்தக் காதல் நடந்ததா இல்லையா என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.