பிரின்ஹில்டின் கவசம்

மலைமேல், கேடயங்களால் அமைந்த அரணுக்குள், முழுக் கவசத்தோடு ஒருவர் உறங்குகிறார். தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் அது ஒரு பெண் என்று வீரன் சிகுர்டுக்குத் தெரிகிறது. தசையோடு சேர்ந்தே வளர்ந்ததுபோல் இறுகிக் கிடக்கும் வளையக் கவசத்தைக் கழுத்திலிருந்து கீழாகவும் இரு கைகள் நெடுகவும் வாளால் அறுக்கிறான். அவள் கண்விழிக்கிறாள். அவள் ஓடின் என்ற கடவுளின் போர்க்கன்னி. ஓடின் வெற்றி தருவதாக வாக்களித்திருந்த அரசனைப் போரில் வீழ்த்தியவள். அதற்குத் தண்டனையாக அவளை முள்ளால் குத்தி உறங்கவைத்திருந்தான் ஓடின்.

ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வொல்சுங்கா சாகாவில் வரும் பிரின்ஹில்டு இவள். கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். கவசம் போனதும் கர்ணனுக்குச் சாவு நெருங்கியது; இவளுக்கோ விழிப்பு வந்தது.

'வைக்கிங் பாணி' என்று இன்று விற்கும் வளைய மேலாடைகளைப் பார்க்கும்போதெல்லாம் இவள் நினைவுதான் எனக்கு. அந்த ஆடைகள் அழகானவைதாம். ஆனால் அவற்றின் வேர் பாரிஸிலும் மிலானிலும் இருக்கிறது. 1966இல் பாக்கோ ரபான் உலோகத் தகடுகளை வளையங்களால் கோத்து ஆடை செய்து காட்டினார். 1980களில் ஜியானி வெர்சாச்சே 'ஒரோட்டான்' என்ற உலோகத் துணியைப் பட்டுபோல் வழியவிட்டார். இவை எந்த வாளையும் தடுக்க வேண்டியதில்லை.

வைக்கிங்குகளின் கவசம் அப்படியல்ல. இரும்புக் கம்பியை வளைத்து, முனைகளைத் தட்டித் துளையிட்டு, ஆணி இறுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில். அந்த உழைப்பின் விலையைக் கொடுக்கச் செல்வர்களால்தான் முடிந்தது. 1943இல் நார்வேயின் யெர்முண்புவில், 10ஆம் நூற்றாண்டுப் புதைகுழி ஒன்றில் அப்படி ஒரு கவசம் துண்டு துண்டாகக் கிடைத்தது. கூடவே ஒரு தலைக்கவசமும். பலரும் நினைப்பதுபோல் அதில் கொம்பு கிடையாது. கொம்புகள் 1876இல் வாக்னரின் இசைநாடகத்துக்காக உடை வடிவமைத்த டோப்ளரின் கைவண்ணம்.

அழகுக்காக வைக்கிங்குகள் அணிந்த உலோகப் பின்னல் வேறு. ஒரு குச்சியைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கம்பியைக் கண்ணி கண்ணியாகப் பின்னி, பிறகு துளை வழியே இழுத்து ஒடுக்கிய சங்கிலி அது, கயிறுபோல் வளையும். இந்தப் பின்னலைத் தொல்லியலாளர்கள் 'டிரிச்சினோபோலி' என்றே அழைக்கிறார்கள். நம் திருச்சிதான்! அங்கே பொற்கொல்லர்கள் செய்த நுண்ணிய சங்கிலிகள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை பேர்பெற்றிருந்தன. வைக்கிங் நகை வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்தப் பின்னலைத்தான். கம்பியும் குச்சியும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே பின்னலாம்.