சான்றிதழை விட மணித்தியாலங்களைக் கேளுங்கள்

உளவளத்துணை டிப்ளோமா பாடநெறிகளுக்கான விளம்பரங்கள் இப்போது எங்கும் காணப்படுகின்றன. வார இறுதியில் வகுப்பு, முடிவில் பட்டமளிப்பு, கழுத்தில் பதக்கம். 'மகளைச் சேர்த்து விடலாமா? எதிர்காலத்தில் ஒரு தொழிலாக வருமா?' என்று வர்த்தக நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்கின்றனர். வேறு சிலர், ஊரில் ஓர் உளவளத்துணை நிலையம் அமைப்பதற்கு உதவ விரும்புகின்றனர். இரு சாராருக்கும் என் பதில் ஒன்றுதான். சான்றிதழைப் பார்க்காதீர்கள், பயிற்சி மணித்தியாலங்களைக் கேளுங்கள்.

இந்தத் தேவை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் கடை எரிந்தவர்களும் வியாபாரம் முடங்கியவர்களும் எம்மத்தியில் உள்ளனர். 2022 இல் டொலர் ஏறியபோது, கடனுக்குச் சரக்கெடுத்தவர்கள் ஒரே இரவில் இரு மடங்கு கடனாளியானதைப் போல உணர்ந்தார்கள். காசோலை திரும்பிய கவலை வீட்டுக்குள் புகுந்து கணவன் மனைவி பிணக்காக மாறி, காதி நீதிமன்றம் வரை சென்ற கதைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் வெட்கத்தை விட்டு வந்து உட்காரும்போது, எதிரே இருப்பவர் அரைகுறையாகக் கற்றவராக இருந்தால் அவர் இரண்டாம் முறை எவரிடமும் போக மாட்டார்.

இத்தொழிலின் முதல் திறன் கேட்பது. கேட்கும்போது இலேசாகத் தெரியும். ஆனால் வியாபாரிகளான நாம் ஆலோசனை சொல்லியே பழகியவர்கள். ஒருவர் வந்து, "கடன் குடுத்தவர் கடைக்கே வாறார் நானா, ராவைக்கு நித்திரை இல்ல" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சபூர் செய்யுங்க, எல்லாம் சரியாகும்" என்பது நம் வாயில் தயாராக இருக்கும் பதில். "வேனை வித்துக் கடனைக் கட்டுங்க" என்பது அடுத்தது. இரண்டும் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் இரண்டுமே பேச்சை அந்த இடத்தில் முடித்துவிடும். பயிற்சி பெற்றவர், "அவர் எந்த நேரம் வருவாரோ எண்ட பயம் ராவையிலயும் உங்கள விடுறதில்ல போல" என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிக் காட்டி நிறுத்திக்கொள்வார். பிறகு மௌனம். அந்த மௌனத்தை அரை நிமிடம் தாங்கிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை வீட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், மனைவிக்கே இன்னும் கடன் விடயம் தெரியாது என்ற உண்மை வெளியே வரும்.

இதைப் புத்தகம் படித்துப் பெற முடியாது. நல்ல பாடநெறிகளில் மாணவர்களை மூவர் மூவராகப் பிரிப்பார்கள். ஒருவர் துணை நாடி வருபவர், ஒருவர் உளவளத்துணையாளர், மூன்றாமவர் அவதானிப்பவர். இருபது நிமிடம் பேசிய பின், "மூன்று இடத்தில் நீங்கள் குறுக்கிட்டீர்கள், இரண்டு இடத்தில் ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்டீர்கள்" என்று மூன்றாமவர் சொல்லுவார். பின்னர் இடம் மாறுவார்கள். புடவைக் கடையில் சேர்ந்த பையன் துணி அளக்கப் பழகுவதும் இப்படித்தான், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துத் திருத்த வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவளத்துணை அமர்வுகளை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். ஒருவருடனான எட்டு அமர்வுகளின் உரையாடலை 1942 இல் வெளியான தனது நூலில் முழுமையாக அச்சிட்டார். அதுவரை மூடிய கதவுக்குள் நடந்த ஒன்றை மாணவர்கள் சொல்லுக்குச் சொல் ஆராயக்கூடியதாக இருந்தது. இன்று அதற்குக் கையடக்கத் தொலைபேசியே போதும். வந்தவரின் சம்மதத்துடன் பதிவு செய்து, எழுத்தில் இறக்கி, ஆசிரியருடன் அமர்ந்து வாசிக்க வேண்டும். தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிக்காது, ஆனால் அதைப் போன்ற ஆசான் இல்லை.

எத்தனை மணித்தியாலம் போதும்? அமெரிக்காவில் உளவளத்துணைப் பட்டப்பின் கற்கைநெறிகளை அங்கீகரிக்கும் காக்ரெப் சபை, முதற்கட்டச் செயன்முறைப் பயிற்சிக்கு 100 மணித்தியாலமும் அதன் பின் உள்ளகப் பயிற்சிக்கு 600 மணித்தியாலமும் கேட்கிறது. அவற்றில் முறையே 40, 240 மணித்தியாலங்கள் ஆட்களுடன் நேரடியாக அமர்ந்து செய்ய வேண்டியவை. அந்த அளவை நமது வார இறுதி வகுப்புகளிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் ஒரு மணித்தியாலமேனும் உண்டா என்று கேட்பது நியாயம். பணம் கட்ட முன்னர் கேளுங்கள்: பயிற்சி எந்த நிலையத்தில்? மேற்பார்வை செய்பவர் யார்? அவர் தானே இத்தொழிலைச் செய்பவரா, விரிவுரை மட்டும் நடத்துபவரா? பதில் தெளிவாக இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடலாம்.

வெளிநாட்டுப் பாடநூலை அப்படியே பின்பற்றுவதும் திறன் ஆகாது. வந்தவரை நேருக்கு நேர் பார்த்து, கண்ணோடு கண் நோக்கி அமர வேண்டும் என்று ஜெராட் ஈகன் என்பவரின் நூலை ஒட்டிக் கற்பிக்கிறார்கள். எமது ஊரில் ஓர் இளம் பெண் வயதான ஹாஜியாரை அப்படி உற்றுப் பார்த்தால் இருவருமே சங்கடப்படுவர். கதிரையைச் சற்றுச் சரித்துப் போடுவது, அறையின் கதவை எவ்வளவு திறந்து வைப்பது என்பதெல்லாம் இங்கே பழகித் தெளிய வேண்டியவை.

இரகசியம் பேணுவது பற்றி வர்த்தகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டையில் ஒருவரின் காசோலை திரும்பிய செய்தி, அவர் வங்கியிலிருந்து கெய்சர் வீதிக்கு நடந்து வருமுன் வந்து சேர்ந்துவிடும். ஆனால் அந்த இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் தனியே வைத்திருக்கக் கூடாது. "வாழவே வெறுத்துப் போச்சு" என்று ஒருவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது என்பதை உலக சுகாதார தாபனம் தெளிவாகச் சொல்கிறது. வாய் கூசாமல் அதைக் கேட்கவும், உடனே வைத்தியரிடம் அனுப்பவும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொடுக்கவும் பழகியிருக்க வேண்டும். தன்னால் முடியாததை அறிந்து பிறரிடம் அனுப்பத் தெரியாதவரை நான் தொழில்சார் உளவளத்துணையாளர் என்று ஏற்கமாட்டேன்.

2004 சுனாமிக்குப் பின்னர், குறுகிய செயலமர்வுகளை முடித்தவர்களும் முகாம்களுக்குச் சென்று, துயரத்தில் இருந்தோரை நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். ஒரே அமர்வில் அனைத்தையும் கிளறும் அந்த முறையை உலக சுகாதார தாபனம் இன்று பரிந்துரைப்பதில்லை. ஆர்வத்தில் அவர்களுக்குக் குறைவிருக்கவில்லை, திருத்துவதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கவில்லை.

நிலையம் அமைக்க உதவ விரும்பும் தனவந்தர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிடத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் கொடுப்பதற்கு முன்னர், அனுபவம் மிக்க ஒருவர் மாதம் இரு தடவை வந்து உங்கள் இளம் உளவளத்துணையாளர்களுடன் அமர்ந்து அவர்களது வேலையைப் பரிசீலிப்பதற்கான கொடுப்பனவை ஒதுக்குங்கள். குறைந்தது இரு வருடங்களுக்கு. பெயர்ப் பலகை சிறிதாக இருக்கட்டும். வாசலைப் பிரதான வீதியில் வைக்காதீர்கள், கடன்பட்ட வியாபாரி அந்த வழியால் வரமாட்டார்.