இமைப்பும் சாட்சியமும்

கூண்டில் நிற்கும் சாட்சி படபடவென்று இமைத்தால் அவர் பொய் சொல்லுகிறார் என்று அநுமானிக்கும் வழக்கம் படித்தவரிடத்திலும் பாமரரிடத்திலும் ஒருங்கே வேரூன்றியிருக்கிறது. இமையின் இயல்பைச் சற்றே ஆராய்ந்தால், அது எத்துணை அநியாயமான அநுமானம் என்பது புலப்படும்.

கண்ணீரை விழியின்மேல் பரப்பி, தூசியைத் துடைத்து, இமையோரச் சுரப்பிகள் தரும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தால் அந்த ஈரம் ஆவியாகாமல் காப்பது இமைப்பின் சரீர தர்மம். அதற்கு நிமிஷத்துக்குச் சில தடவைகளே போதும். நாமோ 15 முதல் 20 தடவை வரை இமைக்கிறோம். எஞ்சியவை எதற்காக? 1920களின் பிற்பகுதியில் எடின்பரோவில் எரிக் பாண்டரும் கென்னடியும், கண்ணின் ஸ்பரிச உணர்ச்சியை மருந்தால் மரத்துப்போகச் செய்தும், ஈரக்காற்றில் வைத்தும் சோதித்து, இமைப்பின் வேகம் அவற்றால் மாறுவதில்லை என்றும், மனத்தின் இறுக்கமே அதை ஆளுகிறது என்றும் முடிவு கண்டார்கள். 2009இல் ஜப்பானில் தமாமி நகானோவும் அவருடைய சகாக்களும் 'மிஸ்டர் பீன்' காட்சிகளைப் பலருக்குக் காட்டியபோது, ஒரு செயல் முடிந்து கதை சற்றே ஓய்ந்த தருணங்களில் அவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இமைத்தார்கள். கதையில்லாத படத்தைப் பார்க்கையில் அந்த ஒற்றுமை தோன்றவில்லை. சித்தம் ஒன்றைப் பற்றி நிற்கும்வரை இமை காத்திருந்து, பிடி தளர்ந்ததும் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும் இந்த நுட்பத்தை எண்ண எண்ண எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பொய்யைக் கட்டுவது மனத்துக்குக் கடும் உழைப்பு. ஆகவேதான், ஷரோன் லீலும் ஆல்டர்ட் வ்ரையும் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொய் சொல்லும் வேளையில் இமைப்பு குறைந்து, சொல்லி முடித்த பின்னரே பெருகியது. அச்சமோ இமைப்பை மிகுவிப்பது. கச்சேரி வாசலை முதன்முதலாக மிதிக்கும் ஏழைக் குடியானவர் மெய்யையே சொல்லி ஓயாமல் இமைக்கவும், கைதேர்ந்த பொய்யர் இமை அசையாமல் நிற்கவும் கூடும் என்றால், தண்டனை யாருக்குப் போய்ச் சேரும்?

சாட்சியின் தோற்றத்தையும் நடத்தையையும் குறித்து நீதிபதி எழுதி வைக்க நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் நெடுங்காலமாகவே இடமளித்து வருகிறது. அக்குறிப்பில் இமைப்பு இடம்பெறுமானால், அது எந்தக் கேள்விக்கு நேர்ந்தது, பதிலுக்கு இடையிலா முடிவிலா, சாட்சி எவ்வளவு நேரமாகக் குறுக்கு விசாரணையில் நின்றிருந்தார் என்பவையும் உடன் எழுதப்பட வேண்டும். இயலாதெனில் இமைப்பைப் பற்றிய பேச்சையே அதில் சேர்க்கலாகாது.