ராத்திரி தூங்கினீங்களான்னு யாரும் கேக்கறதில்லை

கிட்னி செயலிழந்து டயாலிசிஸ்ல இருக்கிறவரைப் பார்க்கப் போனா நாம கேக்கற கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான். வாரத்துக்கு எத்தனை தடவை? செலவு எவ்வளவு ஆகுது? மாத்துக் கிட்னிக்குப் பதிஞ்சாச்சா? ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் வெச்சுட்டு வந்துடறோம். ராத்திரி தூக்கம் வருதான்னு கேட்டவங்களை நான் பார்த்ததில்லை. ஆனா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினா, அவங்க முதல்ல சொல்ற குறை தூக்கம்தான்.

காஞ்சிபுரத்தைச் சுத்தியிருக்கிற ஊர்கள்ல பாதி வீடு வயல், பாதி வீடு தறி. எங்க பக்கத்து நெசவாளர் ஒருத்தருக்குச் சர்க்கரையில கிட்னி போச்சு. வாரம் மூணு நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். அவர் சொன்னது இது: "படுத்தா போதும் அண்ணே, காலுக்குள்ள குடைச்சல் ஆரம்பிச்சிடுது. எறும்பு ஊர்ற மாதிரி. எழுந்து நடந்தா நிக்குது. படுத்தா மறுபடி வருது. காலு மிதியைத் தேடற மாதிரியே இருக்குது."

வருஷக்கணக்கா குழித்தறி மிதிச்ச காலாச்சே, அந்த வலிதான்னு வீட்ல தைலம் தேய்ச்சாங்க. அது தறி கொடுத்த வலி இல்லை. 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்'னு டாக்டர்கள் சொல்ற கோளாறு. கிட்னி போனவங்களுக்கு நிறைய வரும். இரும்புச்சத்து குறைஞ்சா கூடும். சாயங்காலத்துக்கு மேல குடிக்கிற டீ, காபியும் சிலருக்குக் கூட்டி விடும்.

இதோட நிக்கறதில்லை. ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறி, தோல் வறண்டு, ராத்திரியில அரிப்பு வரும். பகல்ல காலில் தேங்கின நீர், படுத்ததும் மேலே ஏறி கழுத்துப் பக்கம் சேரும். தொண்டை இறுகி, குறட்டை வந்து, மூச்சு நின்னு நின்னு வரும். ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் தூக்கம் கலையும். காலையில அவருக்கே அது ஞாபகம் இருக்காது. உடம்பு அசதி மட்டும் மிஞ்சும்.

ஏன் இவ்வளவு தொல்லை? நல்ல கிட்னி வாரத்துல 168 மணி நேரமும் வேலை செய்யுது. மிஷின் செய்யறது 12 மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் கழிவும் நீரும் உடம்புலேயே சேருது. கனடாவுல டொராண்டோ டாக்டர்கள் 14 நோயாளிகளை, வாரம் மூணு தடவை டயாலிசிஸ்ல இருந்து, தூங்கும்போதே ராத்திரி முழுக்க நடக்கிற டயாலிசிஸுக்கு மாத்திப் பார்த்தாங்க. மணிக்குச் சராசரியா 25 தடவை தடைப்பட்ட மூச்சு 8 தடவையாக் குறைஞ்சுது. 2001-ல வெளியான ஆய்வு அது. நம்ம ஊர்ல ராத்திரி டயாலிசிஸ் எல்லாருக்கும் கொடுக்க முடியாதுதான். ஆனா இந்தத் தூக்கமின்மை வெறும் கவலையால வர்றது இல்லை, சரிசெய்யக்கூடிய காரணமும் இருக்குன்னு அது காட்டுது.

ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? "பகல்ல மிஷின்ல படுத்துத் தூங்கறாரு, அதான் ராத்திரி வரலை." ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வர்ற நேரம் பார்த்து மோட்டார் போட எழுந்திருக்கிற எங்களுக்குத் தூக்கம் கெடறது புதுசு இல்லை. ஆனா நாங்க மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில கடனை அடைச்சுடுவோம். அவங்களுக்கு அந்தக் கடன் அடையறதே இல்லை. கோர்வைச் சேலை நெய்தவருக்கு, தூங்காத கண்ணோட கரையில இழை சேர்க்க முடியலை. இப்போ வீட்ல தார் சுத்திக் கொடுக்கறார். வருமானத்தோட மதிப்பும் போச்சுன்னு அவருக்கு வருத்தம். ராத்திரியெல்லாம் கால் பிடிச்சுவிடற அவர் மனைவிக்கும் தூக்கம் இல்லை.

தமிழ்நாட்டுல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸ் இருக்கு. 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல, வீட்லேயே வயிறு வழியா டயாலிசிஸ் செய்துக்கறவங்களுக்குப் பை வீடு தேடி வருது. ஏழைக்கு இது பெரிய விஷயம், மறுக்கவே இல்லை. உயிரைக் காப்பாத்தியாச்சு. அந்த உயிர் ராத்திரி எப்படிக் கழியுதுன்னு பார்க்கறதுதான் அடுத்த வேலை.

நான் கேக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் எடையும் பிரஷரும் எழுதற தாளில் தூக்கத்துக்கும் ஒரு வரி வேணும். கால் குடைச்சலா, அரிப்பா, குறட்டையா, மூச்சுத்திணறலா? நர்ஸ்களுக்கு வேலை அதிகம், மிஷின் பத்தலை என்பாங்க. உண்மைதான். ஆனா இந்தக் கேள்விக்கு அரை நிமிஷம் போதும். ரெண்டாவது, விடியற்காலை ஷிப்டை டவுன்ல இருக்கிறவங்களுக்குக் கொடுங்க. கிராமத்துல இருந்து முதல் பஸ் பிடிக்கிறவர், தூக்கம் வர்ற நேரம் பார்த்து மூணு மணிக்கு எழுந்திருக்கணும். பஸ் நேரம் பார்த்து ஷிப்ட் போட தனியா பணம் ஒதுக்க வேண்டாம்.

சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து படிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஊர்ல இருக்கிற அப்பாவோ சித்தப்பாவோ டயாலிசிஸ்ல இருந்தா, பணம் அனுப்பறதோட நிக்காதீங்க. போன்ல தூக்கத்தைப் பத்திக் கேளுங்க. குறட்டையை வீட்ல இருக்கிறவங்க கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லட்டும். அரிப்புக்கும் வாந்திக்கும் கொடுக்கிற சில மாத்திரையே கால் குடைச்சலைக் கூட்டும். அதனால சாப்பிடற எல்லா மாத்திரையையும் கிட்னி டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். கிட்னி இல்லாத உடம்புல சில மருந்து வெளியேறாம தங்கும், மூச்சு நிக்கிற ஆளுக்கு ஆபத்தாவும் முடியும். உப்பைக் குறைச்சா தாகம் குறையும், நீரும் குறையும், மூச்சும் கொஞ்சம் இலேசாகும்.

"அது டயாலிசிஸ்னா அப்படித்தான்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. இரும்புச்சத்தையும் பாஸ்பரஸையும் பாருங்கன்னு கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.