ராஜகிரிக்கு டிக்கெட், நாலாவது மலைக்கு முள்ளு

கோட்டைக்குப் போய் வந்தேன் தோழர்களே. கோட்டை என்றதும் பட்டா கேட்டு மனு கொடுக்கப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சனம் சென்னைக் கோட்டைக்குப் போவது மனுவோடுதான், இல்லாவிட்டால் மறியலுக்கு. நான் போனது செஞ்சிக் கோட்டைக்கு, அதுவும் வேடிக்கை பார்க்க. காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்புகிற பயணம். இட்லிப் பொட்டலம், புளிசாதம், வேனில் பாட்டு.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று அறிவித்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சியில். பேப்பரில் செய்தி வந்ததும் எங்கள் கிளையில் ஆளுக்கு ஆள் வரலாற்றுப் பேராசிரியர் ஆகிவிட்டார்கள். ஆகஸ்டில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, பங்கு போட்டு வேன் பிடித்தோம். பொழிச்சலூரிலிருந்து விடியற்காலையில் பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறிக்கொண்டேன்.

வேனில் வழியெல்லாம் கோட்டைக்குச் சொந்தக்காரன் யார் என்கிற சண்டை. ஆதியில் கட்டியவர்கள் கோனார்கள்தான் என்றார் ஒருவர். விஸ்தரித்துக் கட்டியது நாயக்கர்கள், அதுதான் கணக்கு என்றார் இன்னொருவர். யுனெஸ்கோவே மராட்டா என்று முத்திரை குத்தியாயிற்று, அப்பீல் கிடையாது என்றார் மூன்றாமவர். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677இல். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இலிருந்து முற்றுகை போட்டு 1698இல் பிடித்தான். இருபது வருசம் வைத்திருந்தவன் பெயரில் பட்டா எழுதியாகிவிட்டது. பஞ்சமி நிலத்துக்குப் பட்டா கேட்டு அலைகிற நம் ஆட்கள் யுனெஸ்கோவில் மனு கொடுத்துப் பார்க்கலாம் போல.

என்னைப் பார்த்து ‘உங்காளு யாருப்பா?’ என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்கு ராஜா கிடையாது என்பது அவர்களுக்கே தெரியும்.

செங்கல்பட்டிலும் ஒரு கோட்டை உண்டு, குளவாய் ஏரிக்கரையில். வெள்ளைக்காரன் அதற்குள்ளேயே ரயில் தண்டவாளத்தைப் போட்டுவிட்டான். தினமும் ஆயிரக்கணக்கான பேர் மின்சார ரயிலில் கோட்டையைக் கடந்து போகிறார்கள். அதே செங்கல்பட்டில்தான் ட்ரெமென்ஹீர் என்ற கலெக்டர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார், பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10இல் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்ததும் அங்கேதான். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில்தான் ரெட்டைமலை சீனிவாசன் பிறந்தார். அந்த சாலையில் நம் கோட்டைகள் இவைதான். வேன் எங்கேயும் நிற்கவில்லை. டீக்கு மட்டும் திண்டிவனத்தில் நின்றது.

செஞ்சி பிரம்மாண்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ராஜகிரி 800 அடி உயரம். ஏறும்போது முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. பாறைக்கும் மதிலுக்கும் எங்கே ஒட்டு என்று தெரியாத வேலை. பல அடுக்குக் கல்யாண மகால். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் பதித்து அதன் ஆறாவது மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். களஞ்சியம் ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் அளவு. கைதிகள் கிணறு என்று ஒன்று உண்டு. ஒரு பெரிய பாறை, அதன் நடுவில் பொந்து. மரண தண்டனைக்காரர்களை உள்ளே தள்ளிப் பட்டினியில் சாகவிடுவார்களாம். எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

உச்சியில் நின்று ஒருவர் போனைப் பார்த்து வாசித்தார். மூன்று மலைகள் சேர்ந்தது செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி.

நாலாவதைக் காணோம்.

நாலாவது மலை ஒன்று இருக்கிறது தோழர்களே. சந்திரகிரியை அடுத்து, சின்னதாக. பழைய ஆங்கில நூல்களில் அதன் பெயர் சக்கிலி துர்க்கம். இன்னொரு பெயர் சாமர் திக்ரி. சாமர் என்றால் வடக்கே தோல் வேலை செய்கிற சாதி, திக்ரி என்றால் குன்று. தமிழ் பேசுகிறவன், மராட்டி பேசுகிறவன், இந்துஸ்தானி பேசுகிறவன் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். கிருஷ்ணகிரியை இங்கிலீஷ் மலை என்றுகூட வெள்ளைக்காரன் சொல்லிப் பார்த்தான். இந்த ஒரு குன்றில் மட்டும் யார் வந்தாலும் பெயரை மாற்றவில்லை, தன் பாஷைக்கு மொழிபெயர்த்துக்கொண்டான். எந்த ராஜ்ஜியத்திலும் சேரி சேரியாகவே இருந்தது என்பதற்கு இதைவிடவா கல்வெட்டு வேண்டும்?

1714இல் செத்துப்போன தேசிங்கு ராஜனுக்குக் கதைப்பாடல் உண்டு, நாடகம் உண்டு. அந்தக் கதையில் குதிரைக்குக்கூட நீலவேணி என்று பெயர் உண்டு. நீலவேணிக்குச் சேணம் தைத்தவனுக்குப் பெயர் உண்டா? கடிவாளம், வாளுறை, கேடயம், முரசு, தண்ணீர்த் துருத்தி, கிணற்றில் நீர் இறைக்கிற கவலை, மலையேறுகிற சிப்பாயின் செருப்பு, எல்லாம் தோல். கல்லில்லாமல் கோட்டை நிற்காது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. தோலில்லாமல் ஒருநாள் நிற்குமா? சுல்பிகர்கான் எட்டு வருசம் முற்றுகை போடும்போது இரண்டு பக்கமும் செத்த மாட்டையும் குதிரையையும் யார் இழுத்துப் போட்டது? நாறின கோட்டையில் ராஜா தூங்கியிருப்பானா?

நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் மூக்கு. என் தாத்தா நாகல்கேணி டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். பொழிச்சலூரிலிருந்து நடந்து போய் நடந்தே வருவார். அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். பக்கத்தில் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. ரயிலில் ‘குரோம்பேட்டை இறங்கணும்’ என்று சொல்கிறவர்கள் எல்லாம் தினமும் தோலைத்தான் உச்சரிக்கிறார்கள். நாகல்கேணியின் பெயரிலேயே கேணி இருக்கிறது. டேனரிக் கழிவில் அந்தக் கேணித் தண்ணீர் என்ன ஆனது என்பதை அங்கே குடியிருக்கிறவர்களைக் கேளுங்கள்.

இங்கே என்னையும் தோலுரித்துக்கொள்ள வேண்டும். நான் பறையன். அந்தப் பெயரை எவனாவது வசவாகச் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் எங்கள் காலனியில் சின்ன வயசில் பம்பரத்துக்குச் சண்டை வந்தால் நாங்கள் எடுத்து வீசிய வசவு என்ன தெரியுமா? அந்த நாலாவது மலையின் பெயர்தான். எங்கள் கிணற்றில் அவர்களை விட்டோமா? 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொன்னபோதும் நம் தோழர்களில் சிலர் போட்ட கூச்சல், ராஜகிரி உச்சியில் நிற்கிறவன் போட வேண்டிய கூச்சல். கோபப்படுகிறவர்கள் கோபப்படுங்கள். கடிதம் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுவார்கள்.

வேலூர்க் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் இங்கிருந்து ஒரே நாளில் போய் வரலாம். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நெற்றியில் சாதிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை கட்டணும் என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். சிப்பாய்கள் எழுந்தார்கள். வெள்ளைக்காரன் பழிவாங்கியதில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டான். அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளக் குறையும் திப்புவின் பிள்ளைகள் அங்கே சிறையிருந்ததும் காரணங்கள்தான். ஆனால் காலில் கிடந்தவரைக்கும், இடுப்பில் வாளைத் தாங்கியவரைக்கும் தோல் யாருக்கும் உறுத்தவில்லை. தலைக்கு ஏறியதும் மானப் பிரச்சினை. எந்த வாத்தியாராவது வகுப்பில் இதை நிறுத்திச் சொல்லியிருக்கிறாரா? தோல் தலைக்கு ஏறக்கூடாது என்பது யாருடைய சாஸ்திரம்?

செஞ்சிக்கு வருகிறேன். மலையிறங்கி வெளியே ஒரு புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் எட்டுப் பேர், எவர்சில்வர் டம்ளர் நாலு. எச்சிலோ கிச்சிலோ, மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் குப்பை கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் வந்து, ‘தண்ணி கொஞ்சம் குடுங்க சார்’ என்றார். எங்களில் ஒருவர் எழுந்தார். நல்ல மனுசன், அவசரத்துக்குக் கடன் கொடுப்பார், என் கவிதையைக்கூட ஒருதரம் வாசித்திருக்கிறார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டீ குடித்துப் போட்ட பேப்பர் கப் ஒன்றைத் தேடி எடுத்து அதில் ஊற்றினார். ‘கப்ப நீயே வச்சுக்கோம்மா’ என்றார். கொரோனாவுக்குப் பிறகு சுத்தம் முக்கியமாச்சே என்று பின்னால் விளக்கமும் சொன்னார். எட்டுப் பேர் நாலு டம்ளரில் குடித்தபோது கொரோனா எங்கே போயிருந்தது?

நான் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருசம் இயக்க மேடைகளில் கவிதை படித்தவன், புளிசாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கை கழுவ ஒதுங்கியபோது அந்த அம்மா கேட்டார்.

‘எந்த ஊரு தம்பி?’

‘மெட்ராஸ் பக்கம்மா. பொழிச்சலூரு.’

‘ஊர்லயா, காலனியா?’

‘காலனிதாம்மா.’

‘பார்த்தேன். கப்ப நீட்டுனப்ப நீ மட்டுந்தான் தலையக் குனிஞ்சுக்கிட்ட.’

1934இல் அம்பேத்கர் தம் தோழர்கள் முப்பது பேரோடு வேருல் பௌத்தக் குகைகளைப் பார்க்கப் போகிற வழியில், நிஜாம் ராஜ்ஜியத்தில் இருந்த தௌலதாபாத் கோட்டையில் நின்றார். அவர்களும் வேடிக்கை பார்க்கக் கிளம்பியவர்கள்தான், நம்மை மாதிரி. பயணப் புழுதி. வாசலில் நிறைந்து கிடந்த சின்னக் குளத்தில் முகம், கால் கழுவினார்கள். ஒரு பெரியவர் ஓடிவந்தார், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்தினார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே போகலாம், ஆனால் கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவனையும் கூட அனுப்பினார்கள். கத்தியவர்கள் முஸ்லிம்கள். இந்த வியாதி இந்துவோடு நிற்கவில்லை என்று காட்டத்தான் அம்பேத்கர் இதை எழுதி வைத்தார். லண்டனிலும் நியூயார்க்கிலும் பட்டம் வாங்கியவர், வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து வந்தவர் கோட்டைக்குள் நடக்கிறார், கூடவே துப்பாக்கி நடக்கிறது, தண்ணீரைக் காவல் காக்க. 91 வருசம் கழித்துத் துப்பாக்கி இருந்த இடத்தில் பேப்பர் கப். முன்னேற்றம்தான்.

மராட்டியர் கோட்டை என்று இப்போது பெருமை பேசுகிறோமே, அந்த மராட்டியத்தில் மகார்களும் ராமோசிகளும் மலையடிவாரத்துக் காட்டில் நின்று கோட்டையைக் காத்தவர்கள். உச்சியில் இருந்தவர்களுக்குச் சரித்திரம், அடிவாரத்தில் நின்றவர்களுக்கு ராக்காவல். 1855இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்கிற 14 வயசு மாங் சாதிப் பெண், எங்கள் ஆட்களுக்கு எண்ணெயில் செந்தூரம் கலந்து குடிக்கக் கொடுத்து மாளிகைகளின் அஸ்திவாரத்தில் புதைத்தார்கள் என்று கட்டுரை எழுதினாள். பதினாலு வயசுக் குழந்தை கேட்ட கேள்வியை உலகப் பாரம்பரியக் குழு கேட்கவில்லை. 12 கோட்டைகளின் அஸ்திவாரத்தில் என்ன இருக்கிறது ஐயா?

இப்போது மாணவத் தோழர்களிடம் வம்புக்கு வருகிறேன். உங்களில் சிலர் சுவரொட்டியில் ‘நாமும் ஆண்டவர்களே’ என்று எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். போன மாதம் தாம்பரத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு தம்பி, நம்ம சாதி ராஜாவின் கோட்டை எங்கே இருக்குன்னு சொல்லுங்கண்ணே, வேன் போட்டுப் போவோம் என்றான். அவன் வலி எனக்குப் புரிகிறது. எல்லாரும் மீசை முறுக்கும்போது நமக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் தம்பி, ஆண்ட பரம்பரை என்று சொல்கிறவன் கையில்தானே நம் குடிசையைக் கொளுத்திய தீப்பந்தம் இருந்தது? ராஜா இருந்தால் அவனுக்கு ஒரு கைதிகள் கிணறு இருக்கும். அவனுக்கும் ஒரு நாலாவது மலை இருக்கும். அங்கே யாரைக் குடிவைப்பாய்?

நான் கேட்பது வேறு. அந்த நாலாவது குன்றின் பெயரைப் பலகையில் எழுது. கூடவே, இந்தக் கோட்டையின் தோலும் துருத்தியும் யார் கைவேலை, செத்த மாட்டை இழுத்தவன் யார் என்றும் எழுது. அருந்ததியர் தோழர்கள் இரண்டு பேரிடம் இதைப் பேசினேன். ஒருவர், அந்தப் பெயரே வசவு, அதைப் பலகையில் வேறு பார்க்கணுமா, மாற்றிவிட வேண்டும் என்றார். இன்னொருவர், ‘பேரை எடுத்துட்டா நாங்க அங்க இருந்ததே இல்லன்னு ஆயிடும் தோழர்’ என்றார். பெயரை வைப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான், நானோ தொல்லியல் துறையோ இல்லை. மூன்றே மலை என்று சொல்லிக் கதையை முடிக்க மட்டும் விடக்கூடாது.

வரும் இரண்டாம் சனிக்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை அலுவலக வேன் இல்லை. காலை ஐந்தரைக்குத் தாம்பரம் பேருந்து நிலையத்தில் நிற்பேன். திண்டிவனம் போய் செஞ்சி பஸ் பிடிக்கலாம். ராஜகிரியில் ஏறப்போவதில்லை. தண்ணீர் கேன் நான் கொண்டுவருகிறேன், டம்ளர் ஆளுக்கொன்று வேண்டாம், நாலு போதும். அந்த அம்மா அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தால் அவருக்கும் அதில்தான். குன்றுக்குப் பாதை கிடையாது, முள் அதிகம். செருப்பு நல்லதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.